பலர் சேர்ந்து திறக்கும் அக்சஸ் ஃபைல் ஏன் கெட்டுப்போகிறது? தோட்ட ஆபீஸ்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில் சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா பக்கம் (பழைய ஆட்களுக்குப் பத்தாங் பெர்ஜுந்தை) செம்பனைத் தோட்ட ஆபீஸ்கள், உரக்கடைகள், ஒன்றிரண்டு கோயில் நிர்வாகங்கள் என்று கம்ப்யூட்டர் வேலை பார்த்துக் கொடுக்கிறேன். சம்பள வாரம் வந்தாலே போன் அடிக்க ஆரம்பித்துவிடும்: "அண்ணே, சிஸ்டம் திறக்க மாட்டேங்குது." போய்ப் பார்த்தால் கம்ப்யூட்டருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஆபீஸில் எல்லாரும் சேர்ந்து திறந்து வைத்திருக்கும் அந்த ஒரே மைக்ரோசாஃப்ட் அக்சஸ் (கணக்கு, பட்டியல்களைச் சேமித்து வைக்கும் டேட்டாபேஸ் புரோகிராம்) ஃபைல்தான் படுத்துக் கிடக்கும். கேட்கிற கேள்விகளும் எல்லா இடத்திலும் கிட்டத்தட்ட ஒன்றுதான், அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

நேற்று சாயங்காலம் வரை நன்றாக ஓடியது, யாரும் எதையும் தொடவில்லை. ஒரே ராத்திரியில் எப்படிக் கெட்டுப்போகும்?

ராத்திரியில் கெடவில்லை. நேற்றோ, போன வாரமோ கெட்டது இன்றைக்குக் கண்ணில் பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

இதைப் புரிந்துகொள்ள, அக்சஸ் எப்படி எழுதுகிறது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். ஆபீஸில் ஒரு கம்ப்யூட்டரில் ஃபைல் இருக்கிறது, அதை நாம் 'சர்வர்' என்று கூப்பிடுகிறோம், ஆனால் அது வெறும் அலமாரி. அந்த ஃபைலுக்குள் என்ன இருக்கிறது என்று அதற்கே தெரியாது. உங்கள் மேஜையில் இருக்கும் கம்ப்யூட்டர்தான் நெட்வொர்க் வழியாக நேராக உள்ளே கையை விட்டுப் படிக்கிறது, எழுதுகிறது. பக்கத்து மேஜையும் அப்படியே. ஒரே செக்ரோல் (தொழிலாளர் வருகை, வேலைக் கணக்கு எழுதும்) புத்தகத்தை நடுவில் விரித்து வைத்து நாலு பேர் நாலு பக்கமிருந்து எழுதுவது போலத்தான், புத்தகத்தை வாங்கி எழுதித் திருப்பித் தர ஒரு கிராணி (ஆபீஸ் குமாஸ்தா) நடுவில் கிடையாது.

சரி, கிராணி ஒருவர் ஒரு தொழிலாளியின் பெயரில் 'இன்றைக்கு இத்தனை குலை, இந்த பிளாக்' என்று தட்டி என்டர் அடிக்கிறார் என்று வையுங்கள். ஃபைல் முழுக்க 4 கேபி அளவுள்ள பக்கங்களாக அடுக்கப்பட்டிருக்கும். அந்த வரி ஒரு பக்கத்தில் போய் உட்கார வேண்டும், தொழிலாளி எண்ணுக்கு இன்டெக்ஸ் (வரியைச் சீக்கிரம் தேடிப் பிடிக்க உதவும் பட்டியல்) இருந்தால் அந்தப் பக்கமும் மாற வேண்டும், தேதிக்கு இன்னொரு இன்டெக்ஸ் இருந்தால் அதுவும், இன்டெக்ஸ் பக்கம் நிரம்பியிருந்தால் அதை இரண்டாகப் பிரித்து இரண்டையும் எழுத வேண்டும். திரையில் ஒரே வரிதான், கேபிளில் போவதோ பல துண்டுகள். இரண்டு துண்டு போய்ச் சேர்ந்து மூன்றாவது போவதற்குள் தொடர்பு அறுந்தால், வரி இருக்கும், அதைக் காட்ட வேண்டிய இன்டெக்ஸ் இருக்காது, அல்லது இன்டெக்ஸ் இருக்கும், அது காட்டும் இடத்தில் வேறு எதாவது கிடக்கும். எஸ்க்யூஎல் சர்வர் (தனியாக ஒரு புரோகிராம் நடுவில் நின்று எழுதும் டேட்டாபேஸ்) மாதிரியானவற்றில் முதலில் ஒரு பதிவேட்டில் எழுதிவிட்டுத்தான் ஃபைலில் கை வைப்பார்கள், பாதியில் நின்றால் அந்தப் பதிவேட்டைப் பார்த்து எழுந்ததும் சரிசெய்துகொள்ளும். அக்சஸுக்கு அந்தப் பதிவேடு கிடையாது. பாதியில் நின்றது பாதியாகவே நிற்கும்.

அப்படிப் பாதியாக நின்ற இடத்தை யாராவது மறுபடி தொடும்வரை எதுவும் தெரியாது. சம்பளக் கணக்கு ஓட்டும்போது மாதத்தின் எல்லா வரிகளையும் படிக்க வேண்டியிருக்கிறது, அன்றைக்குத்தான் மாட்டும். 'சம்பள நாளில் மட்டும் கெடுகிறது' என்று பலர் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

வைஃபையில் நெட் நன்றாக ஓடுகிறதே, யூடியூப் கூட நிற்காமல் ஓடுகிறது. அப்புறம் அக்சஸ் ஏன் ஓடக்கூடாது?

யூடியூப் கொஞ்சம் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளும், நடுவில் இரண்டு விநாடி தொடர்பு போனால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. அக்சஸ் ஃபைலைத் திறந்த நிமிடத்திலிருந்து மூடும் வரை அந்தத் தொடர்பைப் பிடித்துக்கொண்டே இருக்கும். அது ஒரு தடவை அறுந்தால் மறுபடி ஒட்டிக்கொண்டு விட்ட இடத்திலிருந்து எழுதத் தெரியாது. பார்கள் ஐந்தும் நிறைந்திருப்பது வேறு, ஒரு நாள் முழுக்க ஒரு விநாடிகூட அறாமல் இருப்பது வேறு. அக்சஸுக்கு வேண்டியது இரண்டாவது.

என் அனுபவத்தில் வைஃபையைக் கழற்றிவிட்டு எல்லா மேஜைக்கும் கேபிள் இழுத்தாலே பாதித் தொல்லை ஒழியும். அதற்கும் 'செலவாகுமே' என்பவர்களிடம், சம்பளம் தாமதமான அன்று பிரட்டில் (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்தில்) நின்று யார் பதில் சொல்வது என்று கேட்பேன்.

வெய்பிரிட்ஜ் (லாரி எடை போடும் இடம்) ஆபீஸிலிருந்து ரொம்ப தூரம். கேபிள் எப்படி இழுப்பது?

சாதாரண நெட்வொர்க் கேபிளுக்கு 100 மீட்டர்தான் கணக்கு. அதற்கு மேல் போனால் வேலை செய்வது போல் நடிக்கும், அது வைஃபையைவிட மோசம். அதோடு, இரண்டு கட்டடங்களுக்கு நடுவே செம்புக் கம்பி இழுப்பது இந்த ஊரில் இடியை வீட்டுக்கு அழைப்பதற்குச் சமம். ஃபைபர் இழுங்கள், தூரமும் தாங்கும், மின்சாரத்தையும் கடத்தாது.

ஃபைபருக்குப் பணம் இல்லையென்றால் வேறு வழி இருக்கிறது. ஆபீஸிலேயே ஒரு பழைய கம்ப்யூட்டரை வைத்து, வெய்பிரிட்ஜில் இருப்பவர் ரிமோட் டெஸ்க்டாப் மூலம் அதற்குள் நுழைந்து வேலை பார்க்கட்டும். அக்சஸ் ஆபீஸுக்குள்ளேயே ஓடும், வெளியே போய் வருவது திரையும் விசையும் மட்டும். வைஃபை அறுந்தால் அவருடைய திரை மறைந்துவிடும், ஆனால் ஃபைலுக்கு எதுவும் ஆகாது, திரும்ப நுழைந்தால் விட்ட இடத்திலேயே நிற்கும். ஒன்று, விண்டோஸ் புரோ ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் உள்ளே விடும், அதனால் அந்தக் கம்ப்யூட்டரை இதற்கென்றே ஒதுக்க வேண்டும். இது இன்டர்நெட் வழியாகத் திறந்துவிடும் விஷயம் அல்ல, தோட்டத்துக்குள்ளே மட்டும்.

இடி இடித்துக் கரண்ட் போனால்தான் கெடுகிறது. யூபிஎஸ் (கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் தாங்கும் பேட்டரிப் பெட்டி) வாங்கினால் போதுமா?

வாங்குங்கள், ஆனால் எதற்கெல்லாம் என்று பாருங்கள். உலகத்தில் இடி மின்னல் அதிகம் விழும் நாடுகளில் மலேசியாவும் ஒன்று, சாயங்கால மழையோடு கரண்ட் 'டிரிப்' ஆவது நமக்குப் புதிதில்லை. பலர் சர்வருக்கு மட்டும் யூபிஎஸ் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். கரண்ட் போனதும் சர்வர் ஜம்மென்று நிற்கும், எழுதிக்கொண்டிருந்த மேஜைக் கம்ப்யூட்டர் பொட்டென்று அணையும், நடுவில் கேபிள்களை இணைக்கும் நெட்வொர்க் சுவிட்ச் பெட்டியும் அணையும். எழுதுவது மேஜைக் கம்ப்யூட்டர்தான் என்று மேலே சொன்னேனே, அதனால் ஃபைலுக்குச் சேதம் அதேதான். சுவிட்ச் பெட்டிக்கும், எழுதும் ஒவ்வொரு மேஜைக்கும் யூபிஎஸ் வேண்டும். ஃபைலை மூடிவிட்டு முறையாக அணைக்க ஐந்து நிமிடம் தாங்கினால் போதும், படம் பார்க்க அல்ல.

கிராணி லேப்டாப்பை மூடி வைத்துவிட்டுச் சாப்பிடப் போகிறார். அதனால் ஏதாவது ஆகுமா?

ஆகும். மூடியதும் லேப்டாப் தூங்கிவிடும், நெட்வொர்க் அறுந்துவிடும், ஃபைல் திறந்தபடி. கேபிளைப் பிடுங்குவதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. ராத்திரி ஃபார்மைத் திறந்தே விட்டுவிட்டுப் போவதும் இந்த ரகம்தான், இரண்டு மணிக்கு விண்டோஸ் அப்டேட் வந்து தானாக ரீஸ்டார்ட் ஆகிவிடும். ஸ்லீப்பை அணைத்து வையுங்கள், நெட்வொர்க் கார்டின் பவர் சேவிங்கையும் அணையுங்கள், வேலை முடிந்ததும் அக்சஸை மூடச் சொல்லுங்கள்.

குறிப்புக் கட்டத்தில் சீன எழுத்துகள் வருகின்றன. கடைத் தவுக்கே (சீன முதலாளி) பையன் ஏதோ தட்டிவிட்டான் என்று சண்டையே வந்துவிட்டது!

பையன் பாவம், விட்டுவிடுங்கள். இது எனக்கு மிகவும் பிடித்த அறிகுறி, ஏனென்றால் ஃபைல் கெட்டிருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

நீளமான குறிப்புகள் எழுதும் மெமோ கட்டம் (புதிய பதிப்புகளில் லாங் டெக்ஸ்ட்) மற்ற கட்டங்களோடு ஒரே இடத்தில் இருப்பதில்லை. பெரிய குறிப்பாக இருந்தால் அது வேறு பக்கத்தில் கிடக்கும், வரியில் 'அங்கே போய்ப் பார்' என்று ஒரு முகவரி மட்டும் இருக்கும். அந்த முகவரி தப்பினால் அக்சஸ் வேறு எங்கோ போய்க் கையில் கிடைத்ததை எடுத்து வரும். இரண்டிரண்டு பைட்டாகச் சேர்த்து யூனிகோட் எழுத்தாகப் படிக்க முயலும்போது, சாதாரண ரோமன் எழுத்துகள் ஜோடி ஜோடியாகச் சேர்ந்து சீன எழுத்துகள் இருக்கும் வரிசைக்குள் போய் விழுகின்றன. சீனம் தெரிந்தவரிடம் காட்டிப் பாருங்கள், அதில் ஒரு அர்த்தமும் இருக்காது.

வரி முழுக்க எல்லாக் கட்டத்திலும் '#டெலிடட்' என்று வந்து நிற்பதும் இதே குடும்பம்தான், ஆனால் அதைப் பார்த்ததும் பதற வேண்டாம். நீங்கள் ஃபார்மைத் திறந்து வைத்திருக்கும்போது வேறொருவர் அந்த வரியை அழித்தாலும் அப்படித்தான் காட்டும். மூடித் திறந்த பிறகும் அது அங்கேயே நின்றால்தான் கவலை. அப்படிப்பட்ட வரியை ஃபார்மில் வைத்து அழிக்க முயலாதீர்கள். முதலில் ஃபைலைக் காப்பி எடுங்கள், பிறகு நல்ல வரிகளை மட்டும் ஒரு புதிய டேபிளுக்கு நகர்த்துங்கள், கெட்ட வரியை விட்டுவிட்டு அதை மட்டும் கையால் மறுபடி தட்டுங்கள்.

ஃபைலுக்குப் பக்கத்தில் 'லாக்டிபி' மாதிரி ஒரு சின்ன ஃபைல் வந்து வந்து போகிறது. அழித்துவிடலாமா?

அது பூட்டு ஃபைல். ஏசிசிடிபி (புதிய அக்சஸ் வடிவம்) ஃபைலுக்கு எல்ஏசிசிடிபி, பழைய எம்டிபிக்கு எல்டிபி. முதல் ஆள் திறக்கும்போது பிறக்கும், கடைசி ஆள் மூடும்போது மறையும். யார் எந்த வரியைப் பிடித்திருக்கிறார்கள் என்று கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது இதன் மூலம்தான். உள்ளே யாராவது இருக்கும்போது அழிக்கக் கூடாது. எல்லாரும் வெளியே வந்த பிறகும் அது அங்கேயே இருந்தால் யாரோ முறையாக வெளியேறவில்லை என்று அர்த்தம், அப்போதும் உடனே அழிக்காமல் அதை நோட்பேடில் திறந்து பாருங்கள், கம்ப்யூட்டர் பெயர்கள் தெரியும். போய்விட்டவர்களின் பெயரும் அதில் தங்கியிருக்கும், அதனால் அதை மட்டும் வைத்து யாரையும் குற்றம் சொல்லிவிட முடியாது, ஆனால் எங்கே தேட ஆரம்பிப்பது என்பது தெரியும்.

இன்னொன்று: இந்தப் பூட்டு ஃபைலை உருவாக்கவும் அழிக்கவும் எல்லாருக்கும் அந்த ஃபோல்டரில் அனுமதி வேண்டும். 'பாதுகாப்புக்காக' ஃபோல்டரைப் படிக்க மட்டும் என்று மாற்றிவிட்டு, ஒருவர் திறந்தால் மற்றவர் திறக்க முடியவில்லை என்று புகார் சொல்பவர்கள் உண்டு.

'காம்பேக்ட் அண்ட் ரிப்பேர்' அழுத்தினால் சரியாகிவிடும் என்கிறார்களே?

பல நேரம் ஆகும். ஆனால் அது என்ன செய்கிறது என்று தெரிந்து அழுத்துங்கள். பழைய ஃபைலைத் திருத்துவதில்லை, புதிதாக ஒரு ஃபைல் செய்து, படிக்க முடிந்ததையெல்லாம் அதற்குள் எழுதும், படிக்க முடியாததை விட்டுவிடும். முடிந்ததும் திரை அழகாகத் திறக்கும், மூன்று தொழிலாளிகளின் ஒரு வார வேலை மட்டும் காணாமல் போயிருக்கும், யாரும் கவனிக்க மாட்டார்கள், அவர்கள் சம்பளச் சீட்டைக் கையில் வாங்கும் வரை. அதனால் முதலில் காப்பி, பிறகு ரிப்பேர். முடிந்ததும் உள்ளே 'எம்சிஸ்காம்பேக்ட்எரர்ஸ்' என்று ஒரு டேபிள் புதிதாக முளைத்திருக்கிறதா என்று பாருங்கள், எது தவறியது என்பது அதில் எழுதியிருக்கும். ரிப்பேருக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு டேபிளிலும் எத்தனை வரி என்று எண்ணி ஒரு தாளில் குறித்துக்கொள்வது என் பழக்கம்.

நெட்வொர்க் வழியாக ரிப்பேர் செய்யாதீர்கள். எல்லாரையும் வெளியே வரச் சொல்லி, ஃபைலை உங்கள் கம்ப்யூட்டருக்கு இறக்கி, அங்கே செய்து, திருப்பி வையுங்கள். மூடும்போது தானாக காம்பேக்ட் செய் என்ற வசதியைப் பொது ஃபைலில் போடவே வேண்டாம்.

ஃபைலை இரண்டாகப் பிரிக்கச் சொல்கிறார்கள். எதற்கு?

இதைச் செய்யாதவர்களுக்கு நான் வேறு எதுவும் செய்து கொடுப்பதில்லை, அவ்வளவு முக்கியம். டேபிள்கள் மட்டும் ஒரு ஃபைலில், பொது ஃபோல்டரில். ஃபார்ம், ரிப்போர்ட், புரோகிராம் கோடு எல்லாம் இன்னொரு ஃபைலில், அது ஒவ்வொருவர் கம்ப்யூட்டரிலும் தனித்தனிக் காப்பியாக. இரண்டையும் லிங்க் செய்த டேபிள் இணைக்கும். அக்சஸிலேயே இதற்கு 'டேட்டாபேஸ் ஸ்ப்ளிட்டர்' இருக்கிறது, சில நிமிட வேலை.

பிரித்தால் என்ன லாபம் என்றால், ஃபார்ம் கெட்டால் அது அந்த ஒரு ஆளின் காப்பி மட்டும்தான், நல்ல காப்பியை மேலே போட்டால் முடிந்தது. ஒருவர் 2010, இன்னொருவர் 2019 என்று வேறு வேறு பதிப்பில் ஒரே ஃபார்ம் ஃபைலைத் திறந்து கோடு குழம்புவதும் நிற்கும். பிரித்த பிறகும் எல்லாரும் பொது ஃபோல்டரில் இருக்கும் ஒரே ஃபார்ம் ஃபைலையே ஷார்ட்கட் போட்டுத் திறந்தால் பிரித்ததற்கு அர்த்தமே இல்லை, இதை நான் நிறைய இடங்களில் பார்க்கிறேன்.

எத்தனை ஜிபி வரை தாங்கும்?

2 ஜிபி. அதற்கு மேல் ஒரு பைட்கூட ஏறாது, நெருங்கும்போதே தகராறு தொடங்கும். 'எங்களிடம் அவ்வளவு கணக்கே இல்லையே' என்பார்கள், திறந்து பார்த்தால் வெளிநாட்டுத் தொழிலாளர்களின் பாஸ்போர்ட் படங்கள், பெர்மிட் ஸ்கேன் எல்லாம் டேபிளுக்குள்ளேயே ஒட்டியிருக்கும். படத்தை ஒரு ஃபோல்டரில் போட்டு, அது இருக்கும் பாதையை மட்டும் டேபிளில் எழுதுங்கள். இன்னொன்று, வரிகளை அழித்தால் ஃபைல் சிறுக்காது, காம்பேக்ட் செய்தால்தான் அந்த இடம் திரும்பும்.

ஒரே நேரத்தில் 255 பேர் திறக்கலாம் என்று கணக்கு சொல்கிறது. அந்தக் கணக்கை நம்பி யாரும் இறங்க வேண்டாம். பத்துப் பதினைந்து பேர் ஒரே நேரத்தில் எழுதும் இடம் என்றால் நான் அக்சஸ் ஃபைலைப் பரிந்துரைக்க மாட்டேன்.

ஒன்டிரைவில் போட்டுவிட்டால் வீட்டிலிருந்தும் திறக்கலாமே?

வேண்டாம். ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ், கூகுள் டிரைவ் எல்லாம் முழு ஃபைலையும் காப்பி எடுத்து அனுப்பும் வேலை செய்பவை. நீங்கள் ஒரு காப்பியில் எழுதுகிறீர்கள், மேனேஜர் வீட்டில் வேறு காப்பியில் எழுதுகிறார், ஒருவர் பூட்டு அடுத்தவருக்குத் தெரியாது. கடைசியில் ஒருவர் எழுதியது போகும், அல்லது பெயருக்குப் பின்னால் வால் முளைத்த இரண்டு ஃபைல்கள் கிடைக்கும். வீட்டிலிருந்து விபிஎன் (இன்டர்நெட் வழியாக ஆபீஸ் நெட்வொர்க்கோடு இணைப்பது) போட்டு நேராகத் திறப்பதும் வைஃபை கதையேதான், இன்னும் மெதுவாக.

வைரஸா?

அபூர்வம். பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தால் எல்லா ஃபைலும் போகும், இது ஒன்று மட்டும் போகாது.

2018ல் விண்டோஸ் மாற்றியதிலிருந்துதான் இந்தத் தொல்லை என்று எங்கள் பழைய டெக்னீஷியன் சொல்கிறார். உண்மையா?

உண்மையாக இருக்கலாம். விண்டோஸ் 10, 1803 பதிப்பு வந்த பிறகு, நல்ல கேபிள் நெட்வொர்க்கிலேயே 'இன்கன்சிஸ்டன்ட் ஸ்டேட்' என்ற எச்சரிக்கையோடு அக்சஸ் ஃபைல்கள் படுக்க ஆரம்பித்தன, மைக்ரோசாஃப்ட்டும் அதை ஒப்புக்கொண்டது. ஃபைலைப் பகிரும்போது ஒவ்வொரு கம்ப்யூட்டரும் கொஞ்சத்தைத் தன்னிடமே பிடித்து வைத்துக்கொள்ள அனுமதிக்கும் 'லீஸிங்' என்ற வசதிதான் காரணம். ஃபைல் இருக்கும் கம்ப்யூட்டரின் ரிஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் அமைப்புகள் பதிந்திருக்கும் இடம்), லேன்மேன்சர்வர் பாராமீட்டர்ஸ் கீழே 'டிஸேபிள்லீஸிங்' என்று ஒரு மதிப்பை 1 ஆக வைத்து அணைப்பது அப்போது சொல்லப்பட்ட வழி. ரிஜிஸ்ட்ரியில் கை வைத்துப் பழக்கமில்லாதவர்கள் தெரிந்தவரிடம் விடுங்கள். இந்தக் காரணத்தைக் காட்டி ஓட்டை கேபிளை அப்படியே விட்டுவைக்கவும் வேண்டாம்.

எந்தக் கம்ப்யூட்டர்தான் கெடுக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சந்தேகப்படும் மேஜையிலிருந்து சர்வருக்கு 'பிங்' (தொடர்பு இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கும் கட்டளை) விட்டு, நிற்காமல் ஓடும்படி ஒரு காலைப் பொழுது முழுக்க விட்டுவையுங்கள். நடுவில் ஒரு 'டைம்ட் அவுட்' வந்தாலும் அந்த மேஜையைப் பாருங்கள்: கேபிள் தலையை எலி கடித்திருக்கும், நாற்காலிச் சக்கரம் ஏறி இறங்கியிருக்கும், சுவிட்சில் அந்த ஓட்டை மட்டும் தளர்ந்திருக்கும். கெட்ட ஒவ்வொரு தடவையும் தேதி, மணி, யார் உள்ளே இருந்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். நாலைந்து தடவைக்குள் ஒரு பெயர் திரும்பத் திரும்ப வரும். அந்த ஆள் தவறு செய்கிறார் என்று அர்த்தமில்லை, அவர் உட்காரும் இடம் சரியில்லை.

பேக்கப் எப்படி எடுப்பது?

யாரும் உள்ளே இல்லாதபோது. திறந்திருக்கும் ஃபைலை இழுத்துப் பென்டிரைவில் போட்டால், பாதி எழுதிய நிலையையும் சேர்த்துக் காப்பி எடுப்பீர்கள், அது உதவாது. திங்கள், செவ்வாய் என்று கிழமைக்கு ஒரு ஃபைல், மாதக் கடைசிக்குத் தனியாக ஒன்று, அதை மேல் எழுதக் கூடாது. ஒரே காப்பியைத் தினமும் மேல் எழுதினால், கெட்ட ஃபைல் நல்லதை விழுங்கிவிடும், போன வாரம் கெட்டது இன்றைக்குத்தான் தெரிகிறது என்றால் அப்போது போவதற்கு இடமே இருக்காது. வருமான வரிக்கு 7 வருட ஆவணம் வைத்திருக்க வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். பேக்கப் பென்டிரைவைச் சர்வரிலேயே சொருகி விடாதீர்கள், இடி விழுந்தால் இரண்டும் சேர்ந்து போகும். மாதத்தில் ஒரு நாளாவது ஒரு பேக்கப்பைத் திறந்து, உள்ளே கணக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இதெல்லாம் வேண்டாம், ஒரேயடியாகத் தீர வழி இல்லையா?

இருக்கிறது: நடுவில் ஒரு ஆளை உட்கார வைப்பது. டேபிள்களை எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸுக்கு மாற்றிவிடுங்கள், இலவசம்தான், 2022 பதிப்பு வரை ஒரு டேட்டாபேஸுக்கு 10 ஜிபி அனுமதி, தோட்டக் கணக்குக்குத் தாராளம். மாற்றிக் கொடுக்க மைக்ரோசாஃப்ட்டே 'எஸ்எஸ்எம்ஏ' என்ற கருவியை இலவசமாகத் தருகிறது. ஃபார்ம், ரிப்போர்ட் எல்லாம் பழைய அக்சஸிலேயே இருக்கலாம், கிராணிக்கு வித்தியாசம் தெரியாது. மேஜையில் கரண்ட் போனால் அந்த ஒரு வரி பதியாது, அவ்வளவுதான், மற்றவர் வேலை ஓடும். மாற்றிய அன்றே வேகம் கூடும் என்று எதிர்பார்க்காதீர்கள், சரியாக எழுதாத குவெரிகள் (டேபிளிலிருந்து தகவல் கேட்கும் கட்டளைகள்) முதலில் இன்னும் மெதுவாகக்கூட ஓடும், கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கும்.

சிலர் எஸ்க்யூலைட்டுக்கு (இன்னொரு ஒற்றை ஃபைல் டேட்டாபேஸ்) மாறலாமா என்று கேட்கிறார்கள். நல்ல சாமான்தான், ஆனால் அதையும் பொது ஃபோல்டரில் வைத்துப் பலர் எழுதினால் இதே கதை. பெயரை மாற்றினால் போதாது.

எங்களிடம் இருப்பது அக்சஸ் 97ல் செய்த எம்டிபி. புதுக் கம்ப்யூட்டரில் திறக்கவே மாட்டேங்குது, கெட்டுவிட்டதா?

அநேகமாகக் கெடவில்லை. 2013 பதிப்பிலிருந்து அக்சஸ் 97 ஃபைலைத் திறப்பதை நிறுத்திவிட்டது. 2003, 2007 அல்லது 2010 இருக்கும் பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் தேடிப் பிடியுங்கள், ஸ்டோரில் தூசியோடு ஒன்று இருக்கும். அதில் ஃபைலின் காப்பியைத் திறந்து 2002-2003 வடிவத்துக்கு மாற்றுங்கள், பிறகு புதியதில் ஏசிசிடிபியாக மாற்றலாம். அந்தப் பழைய கம்ப்யூட்டரை விற்க நினைத்தால் அதற்கு முன் இந்த வேலையை முடித்துவிடுங்கள்.